துணைக்கு யார்? நோய்க் கதைகளில் நம்பிக்கையும் குடும்பமும்

வேளாங்கண்ணிப் பேராலயத்துக்கு வந்த காணிக்கைகளைப் பார்வைக்கு வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஒன்று அங்கே இருக்கிறது. வெள்ளியில் செய்த கண், கை, கால், வீடு, தொட்டில். அவற்றோடு நன்றிக் கடிதங்களும் உண்டு. தமிழ் இலக்கியம் படித்தவள் என்பதால் எதையும் ஒரு வகைமையாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு. அந்தக் கடிதங்களின் இலக்கணமும் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. நோய் வந்தது, மருத்துவர் கைவிரித்தார், வேண்டிக்கொண்டோம், அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, நன்றி. ஜெபக்கூட்டங்களில் சொல்லப்படும் சாட்சிகளும் பக்தி இதழ்களில் வரும் வாசகர் அனுபவங்களும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. நோயிலிருந்து மீண்ட பிரபலங்களின் பேட்டிகளிலும் இதே வரிசைதான். அங்கே கடவுளோடு இன்னொரு சொல்லும் சேர்ந்துகொள்கிறது: குடும்பத்தின் ஆதரவு.

"நம்பிக்கையும் குடும்பமும்தான் என்னைக் காப்பாற்றின." இந்த ஒரு வாக்கியத்தை வாசிப்பதுதான் இக்கட்டுரையின் வேலை. ஓர் ஆண் இதைச் சொல்லும்போதும் ஒரு பெண் சொல்லும்போதும் பொருள் ஒன்றாக இருக்கிறதா? 'குடும்பம்' என்ற சொல்லுக்குள் நின்று வேலை செய்தவர் யார்? 'நம்பிக்கை' என்பது நோயாளி தானாகப் பற்றிக்கொண்டதா, அவர் கையில் திணிக்கப்பட்டதா?

பெண்ணிய வாசிப்பில் நமக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. குடும்பம் என்ற சொல்லைக் கண்டால் அதற்குள் மறைந்திருக்கும் பெண் உழைப்பைக் கணக்கெடுப்போம். நம்பிக்கை என்ற சொல்லைக் கண்டால் அதை ஆணாதிக்கக் கருத்தியல் என்று ஒதுக்கிவைப்போம். வகுப்பில் பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். என் சித்திக்கு ஆறு ஆண்டுகளில் மூன்று முறை நுரையீரலில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் காலத்தில் என்னுடைய முதல் பழக்கம் இன்னும் உறுதிப்பட்டது. இரண்டாவது பழக்கம் ஆட்டம் கண்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் புற்றுநோய், அறுவை சிகிச்சை, நம்பிக்கை, குடும்பம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த புகழ்பெற்ற பிரதி என்றால் ஸ்ரீதர் 1962இல் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' திரைப்படத்தைத்தான் சொல்லவேண்டும். கணவனுக்குப் புற்றுநோய். அறுவை செய்யவேண்டிய மருத்துவர் மனைவியின் முன்னாள் காதலர். படம் பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் அதன் பதற்றம் நோயாளியின் உடலில் இல்லை. மருத்துவர் நேர்மையாகக் கத்தியைப் பிடிப்பாரா, மனைவியின் மனம் அசையாமல் இருக்குமா என்பவைதான் படத்தின் இரண்டு கேள்விகள். தான் இறந்துபோனால் அவள் அந்த மருத்துவரையே மணக்கவேண்டும் என்று கணவன் விரும்புகிறான். அவளுடைய நாளையைத் தான் முடிவுசெய்யும் அந்த விருப்பம் பெருந்தன்மையாகக் காட்டப்படுகிறது. இறுதியில் கணவன் பிழைக்கிறான், மருத்துவர் இறந்துபோகிறார். ஒருவன் தாங்குகிறான், ஒருவன் தியாகம் செய்கிறான், நடுவில் நிற்பவள் சோதிக்கப்படுகிறாள். நோய் வந்தது அவனுக்கு, பரீட்சை அவளுக்கு.

இது சாவித்திரி கதையின் மருத்துவமனை வடிவம். எமனின் பின்னால் நடந்து கணவன் உயிரை மீட்டவள் சாவித்திரி. அதற்காகத்தான் காரடையான் நோன்பில் இன்றும் பெண்கள் சரடு கட்டிக்கொள்கிறார்கள். மனைவி படுக்கையில் கிடக்க, எமனின் பின்னால் வாதாடிக்கொண்டே நடந்த சத்தியவானைப் பற்றி நமக்கு நோன்பு ஏதும் இல்லை. கணவனுக்காக விரதம், பிள்ளைக்காக மண்சோறு, அண்ணன் தம்பிக்காகக் கணுப்பிடி என்று நம் வழிபாட்டில் ஆண் உயிருக்குப் பெண் பிணை நிற்கும் சடங்குகள் ஏராளம். எதிர்த்திசையில் தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது.

அமெரிக்காவில் 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மூளைக்கட்டி, பிற புற்றுநோய்கள், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று கடுமையான நோய் கண்ட 515 பேரின் திருமண வாழ்க்கை அதில் கவனிக்கப்பட்டது. நோயாளி ஆணாக இருந்தபோது மணம் முறிந்தது 2.9 விழுக்காடு. பெண்ணாக இருந்தபோது 20.8 விழுக்காடு. நம் ஊரில் நிலைமை விவாகரத்து வரைக்கும் போவது குறைவு. "கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இருந்து உடம்பைத் தேத்திக்கிட்டு வா" என்று அனுப்பிவைப்பார்கள். அதற்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. குடும்பத்தின் ஆதரவு என்ற சொல் இந்த இடைவெளியின் மேல்தான் விரிக்கப்படுகிறது.

இனி நுரையீரலுக்கு வருவோம். சூசன் சாண்டாக் 1978இல் வெளியிட்ட 'நோய் என்னும் உருவகம்' காசநோயையும் புற்றுநோயையும் எதிரெதிரே வைத்துப் பேசுகிறது. காசநோய் கலைஞர்களின் நோயாகவும் மென்மையானவர்களின் நோயாகவும் அழகாக்கப்பட்டது. புற்றுநோயோ உணர்ச்சியை அடக்கிவைத்தவர்களுக்கு வரும் நோயாக, அவமானமாகச் சொல்லப்பட்டது. இரண்டுமே பொய் என்பது அவர் வாதம். நோயை நோயாக மட்டும் பார்க்கக் கேட்டவர் அவர். 1975இல் அவருக்கே மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. ஆனால் அந்தப் புத்தகத்தில் தன் உடலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தன்னைச் சொன்னால் தன் வாதம் அழுகையாகக் கேட்கப்படும் என்பதைப் பெண் அறிவாளிகள் எல்லாக் காலத்திலும் அறிந்தே இருக்கிறார்கள்.

நுரையீரல் புற்றுநோய் சாண்டாக் சொன்ன அவமானத்துக்கு மேல் இன்னொன்றையும் சுமக்கிறது. செய்தி கேட்டவுடன் எவரும் கேட்பது, "பழக்கம் உண்டா?" ஆண் நோயாளியிடம் அது குற்றச்சாட்டு. பெண் நோயாளியிடம் அது பொருந்தாத கேள்வி. "இல்லை" என்று சொன்னதும் கேட்டவர் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோய் காணும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் ஒருபோதும் புகைபிடிக்காதவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வீட்டுக்குள் எரியும் நிலக்கரியின் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தியிருக்கிறது. விறகுப் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளது என்று சொல்லியிருக்கிறது. வெளிக்காற்றின் மாசும் 2013இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

1982இல் சத்துணவுத் திட்டம் விரிவானபோது வேலைக்கு வந்த பெண்களின் தலைமுறையைச் சேர்ந்தவர் சித்தி. பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் விறகடுப்பின் முன்னால் ஆண்டுக்கணக்காக நின்றவர். அவர் நோய்க்கு அந்தப் புகைதான் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை; தனி ஒருவருக்கு அப்படி எழுதித் தரவும் முடியாது. என் கேள்வி வேறு. மூன்று முறையும் நோயாளியின் வரலாறு எழுதப்பட்டது. பீடி, சிகரெட், புகையிலை, மது எல்லாம் கேட்கப்பட்டன. அடுப்பைப் பற்றி எவரும் கேட்கவில்லை. ஆணின் புகை ஒரு பழக்கம். அதற்குப் படிவத்தில் கட்டம் உண்டு. பெண்ணின் புகை ஒரு கடமை. அதற்குக் கட்டம் கிடையாது.

நுரையீரல் புற்றுநோயை எழுதிய புத்தகங்களில் உலகம் முழுவதும் வாசிக்கப்பட்டது பால் கலாநிதி எழுதியது. அவர் இறந்த பிறகு 2016இல் வெளிவந்தது. தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற குடும்பம்; தந்தை கிறித்துவர், தாய் இந்து; இரு வீட்டாரும் எதிர்த்த திருமணம். மகன் மூளை அறுவை சிகிச்சையில் பயிற்சியை முடிக்கும் தறுவாயில், 2013இல், முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று அறிகிறார். 2015 மார்ச்சில், 37 வயதில் இறக்கிறார். இளமையில் விட்டிருந்த கிறித்துவத்துக்குத் திரும்பியதைப் பற்றி அவர் எழுதும் பக்கங்கள் எனக்குப் பிடித்தவை. அவர் அற்புதத்தைத் தேடவில்லை. தியாகம், மன்னிப்பு, மீட்பு என்ற சொற்களுக்கு அறிவியலில் இடமில்லை, ஆனால் வாழ்க்கையில் இருக்கிறது என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார்.

குடும்பத்தைப் பொறுத்தவரை அந்தப் புத்தகத்தை இரண்டாகப் பிரித்து வாசிக்கவேண்டும். நோய் வருவதற்கு முன்பே மணவாழ்க்கை ஆட்டம் கண்டிருந்ததை கலாநிதி மறைக்கவில்லை. மருத்துவரான மனைவி லூசி, நோய்ச் செய்திக்குப் பின் விலகிப்போகாமல் உடன் நிற்கிறார். நோயின் நடுவில் மகள் பிறக்கிறாள். கணவனின் பகுதி மரணத்தைப் பற்றிய சிந்தனை. அதில் இலக்கியமும் தத்துவமும் நிறைந்திருக்கின்றன. அவர் முடிக்காமல் விட்டதை லூசி எழுதிய பின்னுரைதான் முடிக்கிறது. மூச்சுக் குழாயிட்டு இயந்திரத்தில் போடவேண்டாம் என்ற முடிவு, கடைசி இரவு, படுக்கையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாம் அவர் எழுத்தில்தான் வருகின்றன. இறப்பின் பொருளை அவன் எழுதினான். இறப்பு நடந்ததை அவள் எழுதினாள். புத்தகம் அவன் பெயரில் இருக்கிறது. இதை லூசிமீது இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்தப் பின்னுரை இல்லாவிட்டால் புத்தகம் தன் கேள்விக்குப் பதில் இல்லாமலே நின்றிருக்கும். துணைக்கு இருந்தவரின் எழுத்தைப் பின்னிணைப்பாக வாசிக்கும் நம் பழக்கம்தான் மாறவேண்டும்.

தைரியமாக இருக்கச் சொல்லும் வற்புறுத்தலைப் பற்றிக் கோபமாக எழுதியவர் ஆட்ரி லோர்ட். 1978இல் மார்பகம் நீக்கப்பட்டது. 1980இல் அவருடைய 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' வெளிவந்தது. செயற்கை மார்பகம் அணியாமல் மருத்துவரின் அறைக்குப் போனவரிடம், அது அங்கே வருகிற மற்றவர்களின் மனவுறுதியைக் குலைக்கும் என்று செவிலி ஒருவர் சொல்கிறார். நோயாளி தன் இழப்பை மறைப்பது மற்றவர்களின் நிம்மதிக்காக என்பதை அந்த ஒரு நிகழ்ச்சி காட்டிக்கொடுத்துவிடுகிறது. லோர்ட்டுக்கும் நம்பிக்கை இருந்தது. மேற்கு ஆப்பிரிக்கத் தாய்த்தெய்வங்களையும் ஒற்றை மார்பகம் கொண்ட போர்ப்பெண்களையும் அவர் தன் பக்கம் அழைத்துக்கொண்டார். அவரைத் தாங்கியது பெண்களின் வலை: காதலி, தோழிகள், பிள்ளைகள். குடும்பம் என்ற சொல்லை அவர் விரித்துப் பொருள்கொண்டார்.

கேட் பௌலர் இன்னொரு கோணம். அமெரிக்காவில் செல்வத்தையும் சுகத்தையும் வாக்களிக்கும் கிறித்துவப் பிரசங்கத்தின் வரலாற்றை ஆராய்ந்து 2013இல் நூல் எழுதியவர். 2015இல், 35 வயதில், அவருக்கே முற்றிய குடல் புற்றுநோய். தான் ஆராய்ந்த வாக்கியங்கள் எல்லாம் இப்போது தன் படுக்கையைத் தேடி வந்ததை 2018இல் எழுதினார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் உண்டு என்று சொன்னவர்கள், காரணம் அவரிடமே இருப்பதாக மறைமுகமாகச் சொன்னார்கள். பௌலர் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. அந்தக் காரணத்தைத்தான் விட்டார். இந்தப் பிரிவினை எனக்கு முக்கியமானது. கடவுளை நம்புவது வேறு, நம்பினால் குணமாகும் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது வேறு.

இந்த ஒப்பந்தம் கிழிவது எப்போது? இரண்டாவது அறுவை சிகிச்சையின்போது. நோய்க் கதைகளை ஆராய்ந்த ஆர்தர் ஃபிராங்க் 1995இல் எழுதிய நூலில், சமூகம் மிகவும் விரும்பிக் கேட்கும் கதை மீட்சிக் கதை என்கிறார். நேற்று நன்றாக இருந்தேன், இன்று நோய், நாளை மறுபடி நன்றாகிவிடுவேன். வேளாங்கண்ணிக் கடிதங்களும் ஜெபக்கூட்டச் சாட்சிகளும் இந்த வகை. இந்த வடிவத்துக்குள் ஓர் அறுவைக்குத்தான் இடம் உண்டு. சாட்சி சொல்லி முடித்து, காணிக்கை போட்டு, மொட்டையும் அடித்த பிறகு நோய் திரும்பி வந்தால் அந்தக் கதையை எங்கே வைப்பது?

சித்திக்கு முதல் முறை வலது நுரையீரலின் கீழ்மடலை எடுத்தார்கள். வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. ஒன்று போனாலும் மீதி பழகிக்கொள்ளும் என்றார்கள், பழகியும்கொண்டது. குணமான பின் வைத்தீசுவரன்கோயிலுக்குப் போய் வெள்ளி உரு வாங்கிப் போட்டார். வேளாங்கண்ணிக்கும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்திருந்தார், அதையும் ஏற்றினார். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் யாரும் சுவர் எழுப்புவதில்லை. இரண்டு ஆண்டு கழித்து இடப்பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது. சிறு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிறகு இன்னொன்று.

முதல் முறை ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் முறை, "நேர்ந்ததை முழுசா முடிச்சியா?" என்று கேட்டார்கள். பௌலரின் படுக்கைக்கு வந்த அதே வாக்கியம், தஞ்சை வழக்கில். மூன்றாம் முறை வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வரும் நோய் கேட்பவர்களைச் சலிக்கவைக்கிறது. நோயாளிக்குச் சலிக்கவும் உரிமை இல்லை. மூச்சுப் பரிசோதனைக் குழாயில் ஊதவேண்டும். விலாவுக்கு நடுவே கீறுவார்கள். நெஞ்சில் குழாய் செருகி நீர் வடியவிடுவார்கள். இருமினால் தையல் பிடுங்கும், இருமாவிட்டால் சளி கட்டும். மூன்று பந்துக் கருவியை உறிஞ்சிப் பந்துகளை மேலேற்றவேண்டும். "மொத தடவ தெரியாம போனேன். இப்ப தெரிஞ்சே போறேன்," என்றார் சித்தி. நோயை எழுதிய இலக்கியங்களில் இதற்கு இணையான வாக்கியம் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை முதல் அதிர்ச்சியை எழுதுகின்றன, அல்லது இறுதியை எழுதுகின்றன. நடுவில் இருக்கும் மறுபடிகளை எழுதுவதில்லை.

இரண்டாவது அறுவைக்கு முந்தைய நாள், துணைக்கு நான் இருந்தேன். தலையணை அடியில் தையல்நாயகி படத்தையும் மாதா படத்தையும் வைத்திருந்தார். என்னுடைய வகுப்பறைக் குரலில் அவரிடம் கேட்டுவிட்டேன்: போன தடவை இவர்களிடம் வேண்டினீர்கள், நோய் திரும்பிவிட்டது, இன்னும் ஏன்? அவர் கோபப்படவில்லை. "வீட்டுல யாருகிட்டயும் பயமா இருக்குன்னு சொல்ல முடியாதுடி. சொன்னா அதுக அழும். அப்புறம் நான் அதுகளத் தேத்தணும். அவகிட்ட சொன்னா அவ அழமாட்டா."

அந்த ஒரு பதிலில் என்னுடைய இரண்டு பழக்கங்களும் மோதிக்கொண்டன. குடும்பத்தின் ஆதரவு என்பதில் நோயாளிப் பெண் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் கலங்காமல் இருக்கும்படி அவள் தைரியமாக இருக்கவேண்டும். லோர்ட்டிடம் செவிலி கேட்டதும் அதைத்தான். படுக்கையில் கிடந்தபடி மகளிடம் "ரேஷன் வாங்கியாச்சா?" என்று கேட்பதும் அந்த வேலைதான். அந்த வேலையிலிருந்து சித்திக்கு விடுப்புக் கிடைத்த ஒரே இடம் பிரார்த்தனை. நாம் பணிவு என்று வாசிக்கும் இடத்தில் அவர் புகார் செய்துகொண்டிருந்தார். நாம் ஒப்பந்தம் என்று வாசிக்கும் இடத்தில் அவர் பயத்தை இறக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

வைத்தீசுவரன்கோயில் தையல்நாயகியைப் பற்றி ஒரு மரபு உண்டு. நோய் தீர்க்க வந்த வைத்தியநாதரோடு அம்மனும் தைலப் பாத்திரத்தை ஏந்தி உடன் வருகிறாள். வைத்தியர் பட்டம் அவருக்கு, பாத்திரம் சுமப்பது அவளுக்கு என்று ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். தவறில்லை, தெய்வங்களின் வீட்டிலும் வேலைப் பிரிவினை அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சித்தி அவளிடம் போனதற்கும் அதுவே காரணம். துணைக்கு நிற்பவளுக்குத்தான் படுக்கையில் கிடப்பவளின் மொழி புரியும் என்று அவர் எண்ணியிருக்கவேண்டும். என் விமர்சனம் பாத்திரத்தைப் பார்த்தது. அவர் அதை ஏந்திய கையைப் பார்த்தார்.

இதனால் நம்பிக்கையைப் பற்றிய பெண்ணிய விமர்சனம் வீண் என்று சொல்லவில்லை. "நேர்ந்ததை முடிச்சியா?" என்று கேட்டதும் நம்பிக்கைதான். நோய்க்கான பொறுப்பைப் பெண்ணின் விரதக் குறைவில் ஏற்றிவிட்டு, விறகடுப்பையும் ஊர்க்காற்றையும் கேள்வியிலிருந்து தப்பவைப்பதும் அதுதான். அதை விடாமல் விமர்சிக்கவேண்டும். நான் கேட்பது ஒரு கூடுதல் கேள்வி மட்டுமே: இந்த நம்பிக்கையில் பேசுபவர் யார்? ஊர் அவளை நோக்கிப் பேசுகிறதா, அவள் தன் தெய்வத்தை நோக்கிப் பேசுகிறாளா? முதலாவதில் அவள் குற்றவாளி. இரண்டாவதில் அவளே வழக்காடுகிறாள்.

மூன்றாவது அறுவைக்குப் பின் வேளாங்கண்ணிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். பேராசிரியை என்பதால் என்னிடம் வந்தார். நான் அந்த வகைமையின் இலக்கணப்படி நன்றாகவே எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். "பூரண குணமடைந்தேன்" என்ற இடத்தில் நிறுத்தி அதை அடிக்கச் சொன்னார். மாதாவிடம் பொய் சொல்லக்கூடாது. "என் குடும்பத்தினரின் ஆதரவால்" என்ற தொடரையும் அடிக்கச் சொன்னார். "அப்படிச் சொன்னா யாருன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

பிறகு அவரே சொன்னார். நிலத்தை அடகு வைத்துப் பணம் புரட்டிய சித்தப்பா. துணிக்கடை வேலையை விட்டுவிட்டு மூன்று முறையும் வார்டு வராந்தாவில் படுத்த மூத்த மகள். கஞ்சி கொண்டுவந்த என் அம்மா. சத்துணவுக் கூடத்தில் அவருக்குப் பதிலாக நின்ற பக்கத்து ஊர்ப் பெண். இரவில் குழாய் கழன்றபோது ஓடிப்போய் நர்ஸை அழைத்துவந்த துப்புரவுப் பணியாளர். அவர் பெயரை மகளிடம் போனில் கேட்டுச் சேர்த்தார். ஒவ்வொருவருக்கும் எதிரே அவர்கள் செய்தது ஒரு வரி. வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்க நிறுத்தினார். நான் காத்திருந்து எழுதினேன். கடிதம் இரண்டு பக்கம் வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: அடுத்த ஸ்கேன் மார்ச் மாதம், அதற்குள் மறுபடி எழுதுகிறேன்.